குறுக்கே விழுந்த லைன்

மெதுவாம்மா, மெதுவா. பெட்ஷீட்டோட அப்படியே மேசை மேல வச்சிருங்க. ஆட்டோக்காரன் ஒரு பள்ளத்தையும் விடல, நான் பச்சைப் புள்ளையை மாதிரி மடியில வச்சுக் கொண்டாந்தேன். வெளிய போர்டுல ஷர்மிளா கம்ப்யூட்டர்ஸ்னு பாத்தேன். ஓனர் சம்சாரத்தோட பேரா இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான் ரிப்பேர் பாக்கிறதா? ஆம்பளை ஆளு யாரும் இல்லையா? சரி சரி, தப்பா எடுத்துக்காதீங்க. யார் பாத்தா என்ன, சரியானாச் சரி.

கம்ப்ளெயிண்ட்டா? சொன்னாச் சிரிப்பீங்க. இதுல ஒரு கோளாறும் இல்ல. அதாம்மா கம்ப்ளெயிண்ட்டே. போன செவ்வாய்க்கிழமையில இருந்து நான் தொட்டாத்தான் ஓடுது, நான் அடிச்சதுதான் திரையில வருது. முன்னாடி அப்படி இல்ல. அதுவா ஓடும், அதுவா எழுதும். அந்தக் கோளாறைத்தான் நீங்க திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும். பைத்தியக்கார ஆளுன்னு நெனைக்காதீங்க. உக்காந்து கேளுங்க. ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க.

எம் பேரு வைரவன். டைம் ஆபீஸ் வைரவன்னு நாகல் நகர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மில்லுல சர்வீஸ் பூரா டைம் ஆபீஸ்தான். எவன் உள்ள வந்தான், எவன் வெளிய போனான், எதுக்குப் போனான், எப்பத் திரும்புனான், எல்லாம் என் கண்ணு வழியாத்தான். மேனேஜரே ஆனாலும் அவுட் பாஸ் இல்லாம கேட்டைத் தாண்ட விட மாட்டேன். இன்னிக்கும் எதுத்தாப்ல வந்தா மரியாதையா ஒதுங்குறான், அன்னிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு நிறுத்தி வச்சவன்.

வீட்ல நானும் எம் பொண்டாட்டி மரகதமும். ஒரே மக பிருந்தா, கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. அது மூஞ்சியைப் பாத்துப் பேசுறதுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டரை வாங்குனேன், கேமரா வச்சு. மரகதத்துக்கும் ஒரு போன் வாங்கிக் குடுத்தேன். கடைக்காரப் பையன் கேட்டான், அம்மாவுக்குத் தனியா ஒரு ஐடி போட்டுத் தரவா சார்னு. எதுக்குப்பான்னேன். வீட்டுக்கு ரேஷன் கார்டு ஒண்ணுதானே இருக்கு? ஆளுக்கு ஒண்ணா வச்சிருக்கோம்? அந்த மாதிரி குடும்பத்துக்கு ஒரு ஐடி போதும். என் பேர்ல உள்ள ஈமெயிலையே அவ போன்லயும் போட்டுக் குடுத்துட்டேன். பாஸ்வேர்டு என்கிட்ட. அவளுக்கு எதுக்கு அது, அவ என்ன ஆபீஸா நடத்துறா?

ஏம்மா பாக்கிறீங்க? தப்பா அது? எல்லா வீட்லயும் அப்படித்தான வச்சிருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தை முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச நேரம். நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன், இது பாட்டுக்கு உள்ள விர்ருனு ஓடும். லைட்டு மினுக்மினுக்னு எரியும். சும்மா கிடக்கிற மெஷினு எதுக்கு ஓடணும்? அப்புறம் விளம்பரம். இதுல பேப்பர் படிக்கப் போனா ஓரத்துல ஒத்தை அடுப்பு விளம்பரம். நான் எதுக்கு ஒத்தை அடுப்பு வாங்கப் போறேன்? மடக்குக் கட்டில். சின்ன ட்ரங்குப் பெட்டி. மதுரையில லேடீஸ் ஹாஸ்டல்! எனக்கு லேடீஸ் ஹாஸ்டல்! பக்கத்து வீட்டு ஹெட்கிளார்க் எட்டிப் பாத்துட்டார் ஒரு நாள், மானமே போச்சு.

அவர்தான் சொன்னார், வைரவன், உங்களை யாரோ வேவு பாக்கிறான், கேமரா வழியாவே பாப்பானுங்கன்னு. பனியனோட உக்காந்திருப்பேன், அது பூரா எவனோ பாத்திருப்பான்ல? உடனே மரகதத்தோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணைக் கண்ணாடியில இருந்து எடுத்துக் கேமராக் கண்ணுல ஒட்டினேன். இதோ, இன்னும் இருக்கு பாருங்க. பத்தாம மேல துண்டைப் போட்டு மூடினேன். சாப்பிட உக்காந்தாலும் நினைப்பு அங்கயே இருக்கும். நம்ம வீட்டுக்குள்ள நம்மளால நிம்மதியா மூச்சு விட முடியலையேன்னு மரகதத்துக்கிட்டப் பொலம்புவேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னா, "ஒருத்தர் நம்மளையே பாத்துக்கிட்டு இருந்தாக் கஷ்டமாத்தான் இருக்கும்"னு. அதையேதாண்டி நானும் சொல்றேன்னேன். என்ன இருந்தாலும் புரிஞ்சுக்கிட்டாளேன்னு சந்தோஷமா இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் காலையில, தேடுறதுக்கு ஒரு நீளக் கட்டம் இருக்குல்ல, அதுல க்ளிக் பண்ணேன். கரண்ட் பில்லு கட்டணும். கட்டத்துக்குக் கீழ முன்னாடி தேடுனதெல்லாம் வரிசையா வருமே, அதுல நான் எழுதாத ஒரு வரி கிடந்துச்சு. "கேட்டை வெளிய பூட்டிட்டுப் போனா உள்ள இருக்கிறவங்க எப்படி வெளிய வர்றது."

ரெண்டு மூணு தடவை படிச்சேன். நான் எழுதல. எனக்கெதுக்கு அது? நான் பூட்டிட்டுப் போற ஆளு. ஆமா, வாக்கிங் போகும்போது கிரில் கேட்டை வெளிய பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் போவேன். செயினை அத்துக்கிட்டுப் போற காலம்மா இது. பொம்பளை தனியா இருக்கா. பாதுகாப்புக்குத்தானே?

மறுநாள் இன்னொண்ணு. "புருஷன் தினமும் போனை எடுத்து யார்கூடப் பேசுனேன்னு பாக்கிறது சரியா." அதுக்கு மறுநாள், "இந்த வயசுக்கு மேல தனியா இருக்கிற பொம்பளைக்கு வாடகைக்கு வீடு தருவாங்களா." எழுத்துல எழுதுன மாதிரியே இல்லம்மா, யாரோ பக்கத்துல உக்காந்து வாய்விட்டுக் கேக்கிற மாதிரி இருந்துச்சு.

யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பிடிபட்டுருச்சு. நீங்க சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்துல லேண்ட்லைன் போன்ல கிராஸ் டாக் விழும். நம்ம மில்லுக்குப் பேசிக்கிட்டு இருப்போம், நடுவுல பழனியில எவனோ வாழைக்காய் வெலை பேசுறது கேக்கும். வயரு எங்கயோ ஒட்டிக்கிட்டா அப்படி. அதே கதைதான். எங்கயோ ஒரு வீட்ல ஒரு அம்மா, அவங்க லைனு என் லைன் மேல குறுக்கே விழுந்திருக்கு. அவங்க கேக்கிறது எனக்கு வருது. வேவும் இல்ல, திருட்டும் இல்ல. பாவம், அந்த அம்மாவுக்கே தெரியாது.

ஆனாலும் சோதிச்சுப் பாத்தேன். நான் அப்படி விடுற ஆளு இல்ல. வாக்கிங் போகும்போது வைஃபை பெட்டியைக் கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டிட்டுப் போனேன். வந்து மாட்டிப் பாத்தா அப்பவும் புதுசா ஒரு வரி. என் வீட்ல நெட்டே இல்ல, எப்படி வரும்? அப்ப வெளியூரு லைனுதான்னு முடிவாயிருச்சு.

என்ன கேட்டீங்க? மரகதம் போன்லயா? அதுல நெட் தனியா இருக்கும்மா, மாசாமாசம் நான்தான் ரீசார்ஜ் பண்றேன். அதுக்கும் இதுக்கும் என்ன? அவளுக்கு டைப் பண்ணவே வராது. மைக் மாதிரி ஒண்ணு போட்டிருக்கே, அதை அமுக்கி என்னமோ பேசிக்கிட்டு இருப்பா, சமையல் குறிப்பா இருக்கும்.

தினம் காலையில எந்திரிச்சா மொதல்ல அந்தக் கட்டத்தைத்தான் பாப்பேன். பேப்பர் கூட அப்புறந்தான். ஒரு நாள் அந்த அம்மா கேட்டிருந்தாங்க, "கூடப் பொறந்த அக்கா செத்ததுக்குப் போனா அன்னிக்கே திரும்பி வரச் சொல்ற மனுஷனை என்ன செய்யறது"ன்னு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா. என்ன மனுஷன் அவன்? பொணம் எடுத்த வீட்ல ஒரு ராத்திரி அழுதுட்டு வர விட மாட்டானா? மரகதத்தோட அக்காவும் போன வருஷந்தான் போடியில தவறிப்போச்சு. நானும் அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டேன், இல்லைங்கல. ஆனா அது வேற. எனக்கு மறுநாள் கண்ணாஸ்பத்திரி இருந்துச்சு. சொட்டு மருந்து போட ஆள் வேணும்ல?

அன்னிக்குத்தான் எனக்குத் தோணுச்சு. அவங்க எழுதுறது எனக்கு வந்தா, நான் எழுதுறது அவங்களுக்குப் போகணும்ல? கிராஸ் டாக்ல ரெண்டு பக்கமும் கேக்கும். அந்தக் கட்டத்துலயே எழுதுனேன். "அம்மா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க லைன் என் கம்ப்யூட்டர்ல விழுது. பயப்படாதீங்க. நான் வயசானவன், மரியாதைப்பட்ட குடும்பம்." எழுதி அனுப்பி விட்டேன்.

அன்னிக்கு முழுக்க அந்தப் பக்கம் சத்தமே இல்ல. மறுநாளும் இல்ல. மிரண்டு போயிட்டாங்களோன்னு எனக்கு இருப்புக் கொள்ளல. வீட்ல மரகதமும் அந்த ரெண்டு நாளும் என்னமோ மாதிரி இருந்தா, சட்டியைக் கீழ போட்டா, கூப்பிட்டாத் திடுக்குனு திரும்புனா. எனக்கு அவளைக் கவனிக்க நேரம் இல்ல. மூணாம் நாள் வந்துச்சு. "நீங்க என்னைத் திட்டலையா."

நான் ஏம்மா உங்களைத் திட்டணும், பொறுத்துப் பொறுத்துப் போயிருக்கீங்கன்னு எழுதுனேன்.

அதுல இருந்து தினம். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நான் ஹால்ல உக்காந்து எழுதுவேன். மரகதம் அடுப்படியில நின்னு முணுமுணுன்னு தனக்குள்ளயே பேசிக்கிட்டு இருப்பா, இப்பல்லாம் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்துருச்சு. முக்கியமா எழுதிக்கிட்டு இருக்கேன், சத்தம் போடாதன்னு ஒரு அதட்டு அதட்டுவேன். அடங்கிருவா. கொஞ்ச நேரத்துல இங்க ஒரு வரி வந்து விழும்.

சிரிக்கிறீங்களா? இல்லையே. ஏம்மா மூஞ்சி அப்படி இருக்கு? தண்ணி குடிங்க.

அந்த அம்மா எழுதுனதெல்லாம் எனக்கு மனப்பாடம். கடைக்குப் போனா எத்தனை நேரம் ஆச்சுன்னு கேக்கிறாராம். மகளோட பேசும்போது ஸ்பீக்கர்ல போடச் சொல்றாராம். தலைவலின்னு படுத்தாக் கூட எதுக்குத் தலைவலின்னு காரணம் கேக்கிறாராம். நான் எழுதுவேன், என்ன ஜென்மம்மா அந்த ஆளு, பொண்டாட்டியா இல்ல மில்லுத் தொழிலாளியான்னு. நானும் கேப்பேன்தான். ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவேன்தான். ஆனா அது வேற, பிருந்தா குரல் எனக்கும் கேக்கணும்ல. நான் கேக்கிறது அக்கறையில. அந்த ஆளு கேக்கிறது சந்தேகத்துல. எழுத்தைப் பாத்தாலே வித்தியாசம் தெரியும்.

உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எனக்கு அந்த அம்மாகூடப் பேசுறது பிடிச்சிருந்துச்சு. தப்பான அர்த்தத்துல இல்ல. நான் ரிட்டையர் ஆனப்பொறம் எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. வீட்ல மரகதம் 'சரிங்க'ன்னு ஒரே வார்த்தை, அதுக்கு மேல பேச மாட்டா. இந்த அம்மா மனசுல உள்ளதையெல்லாம் கொட்டுனாங்க. என்னையும் கேட்டாங்க, "உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு யாரும் இல்லையா"ன்னு. நான் இல்லம்மான்னு எழுதிட்டேன். ஏன் அப்படி எழுதுனேன்னு தெரியல. அதுக்கு அவங்க, "பாவம் நீங்களும்"னு எழுதுனாங்க. அடுத்த வரி, "உங்களைத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. இத்தனை மரியாதையா எங்கிட்ட யாரும் பேசுனதில்ல."

அப்புறந்தான் அந்த விஷயம் வந்துச்சு. கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தி மதுரையில பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஹாஸ்டல் நடத்துறாங்களாம். சமையல் கட்டைப் பாத்துக்க ஆள் வேணும், தங்க ரூம் தர்றேன், வான்னு கூப்பிடுறாங்களாம். "போகலாமா"ன்னு கேட்டாங்க என்னை.

மொதல்ல நான் பழைய ஆளுங்க சொல்ற மாதிரிதான் எழுதுனேன். பொறுத்துப் போங்க, குடும்பம்னா அப்படித்தான், வயசான காலத்துல ஊரு சிரிக்கும். அனுப்புனேன். அவ்வளவுதான், நின்னு போச்சு. ஒரு வரி இல்ல. மெஷினும் ஓடல, லைட்டும் எரியல. நாலஞ்சு நாளு. எனக்குச் சோறு இறங்கல. மரகதமும் படுத்தே கிடந்தா அந்த வாரம், காய்ச்சல்னா. தொட்டுப் பாத்தா சுடல. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கன்னு சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. எனக்கு இந்தக் கவலை ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

அஞ்சாம் நாள் வந்துச்சு. "அவர் நல்லவர்தான். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். கெட்டவர்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா எனக்கு மூச்சு முட்டுது."

அழுதுட்டேன்மா. துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதேன், மரகதத்துக்குக் கேட்டுரக் கூடாதேன்னு. இத்தனைக்கும் மேல புருஷனை நல்லவர்ங்குது பாருங்க அந்தப் பொம்பளை. நான் உடனே எழுதுனேன். "போங்கம்மா. நான் சொன்னதைத் தள்ளுங்க. கிளம்புங்க. உங்க உசிருக்கு மேல எந்தக் குடும்பமும் இல்ல."

"கேட் சாவி அவர்கிட்ட இருக்கே"ன்னாங்க.

நேரா நின்னு கேளுங்க, குடுத்துருவார், அவரும் மனுஷன்தானேன்னு எழுதுனேன்.

அப்புறம், "போன பிறகு தேடி வந்து கூட்டிட்டுப் போயிருவாரே. நாலு பேர் முன்னாடி கூப்பிட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. எனக்கு என்னைத் தெரியும்"னாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. அந்த ஆளு மேல. படபடன்னு அடிச்சேன். "வர மாட்டார். வந்தா நான் விட மாட்டேன். வாசல்லயே நிறுத்திருவேன். இது வைரவன் வாக்கு." பேரைக் கூடப் போட்டுட்டேன் ஒரு வேகத்துல.

இது திங்கக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில நான் கம்ப்யூட்டரைப் போடுறேன், மரகதம் வந்து முன்னாடி நிக்கிறா. நல்ல சேலை கட்டியிருக்கா, கையில ஒரு பை. "கேட் சாவி குடுங்க"ன்னா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ எங்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. எதுக்குன்னேன். "நேரா கேக்கச் சொன்னாங்க, அதான் கேக்கிறேன்"னா. யாருன்னேன். "தெரிஞ்சவர் ஒருத்தர்"னா. வேற நாளா இருந்தா விட்டிருக்க மாட்டேன், எங்க, எதுக்கு, எப்ப வருவன்னு கேட்டிருப்பேன். எனக்கு அன்னிக்கு அவசரம். அந்த அம்மாவுக்குச் சாவி கெடைச்சுச்சா இல்லையான்னு பாக்கணும். இடுப்புல இருந்து எடுத்துக் குடுத்துட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "போயிட்டு வர்றேன்"னு சொல்லல, "போறேங்க"ன்னா. சரி சரி, மறைக்காத, வெளிச்சம் வரலன்னேன்.

கொஞ்ச நேரங் கழிச்சு வந்துச்சு கடைசி வரி. "சாவி குடுத்துட்டார். நன்றி."

எனக்குக் கையைத் தட்டணும் போல இருந்துச்சு. ஒரு உசிரைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன். நானே போய்க் காப்பி போட்டுக்கிட்டேன். மரகதம் வந்தா இந்தக் கதையைப் பூரா சொல்லணும்னு நெனச்சேன். அவ வரல.

மத்தியானம் வரல. பொழுது சாஞ்சும் வரல. போன் எடுக்கல. பிருந்தாவுக்குப் போட்டேன், "அம்மா நல்லா இருக்காங்கப்பா, எங்கன்னு மட்டும் கேக்காதீங்க"ன்னு வச்சிருச்சு. என்னம்மா தப்பு பண்ணேன் நான்? ஒரு தடவை கை நீட்டி அடிச்சதுண்டா? எதுக்குப் போனா? அது தெரியணும் எனக்கு. அதுக்குத்தான் அந்த அம்மா வேணும். பொம்பளை மனசு பொம்பளைக்குத்தான் தெரியும். நான் உங்களுக்கு வழி சொன்னேன்ல, நீங்க எனக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு கேக்கணும். தினம் எழுதுறேன், பதில் இல்ல. லைன் சரியாயிருச்சு போல. அதைத்தான் பழையபடி குறுக்கே விழ வச்சுக் குடுங்கன்னு கேக்கிறேன்.

கம்ப்யூட்டரைப் போட்டாச்சா? பாஸ்வேர்டா, நகருங்க, நான் அடிக்கிறேன். ம். பாருங்க இப்ப.

இது என்ன பட்டியல்? இந்த ஐடியில இருக்கிற மெஷினெல்லாமா. ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டர். இன்னொண்ணு மரகதம். ஆமா, நான்தான் அந்தப் பேரை வச்சேன் அவ போனுக்கு. செவ்வாய்க்கிழமை காலையில அந்தப் போன்ல ஐடியை எடுத்துட்டாங்கன்னு இருக்கா? யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதுக்கென்ன இப்ப?

அந்த வரியெல்லாம் காட்டுதுல்ல. பக்கத்துல மைக் படம் போட்டிருக்கு. குரல்ல கேட்டதா? அதைப் பதிஞ்சும் வச்சிருக்கா? யாரு பதிஞ்சது, எங்கிட்டக் கேக்காம? அமுக்குனாக் கேக்குமா? அந்த அம்மா குரல் கேக்குமா?

இருங்க, இருங்கம்மா. வேண்டாம். அடுத்தவங்க வீட்டுப் பொம்பளை குரலு, நம்ம கேக்கக் கூடாது.

சரி. போடுங்க.

...

இன்னொரு தடவை போடுங்க.

பின்னாடி குக்கர் சத்தம். அது எங்க வீட்டுக் குக்கர். ஒரு விசிலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இழுத்துக்கிட்டே வரும், வால்வு மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. "அவர் நல்லவர்தான்"ங்கிறா. கேட்டீங்கள்ல? அவ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லம்மா. இவ்வளவு நீளமா. அதுக்கு நடுவுல அந்த அதட்டல். "மரகதம், சத்தம் போடாத, முக்கியமா எழுதிக்கிட்டு இருக்கேன்." அது நான்.

இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. காப்பியெல்லாம் வேண்டாம்.

அந்த ஹாஸ்டல் பேரு அவ தேடுனதுல இருக்கா? விலாசமும் இருக்கா? நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம். படிச்சும் காட்டாதீங்க. மூடுங்க அதை.

மதுரை என்ன தூரம், இப்ப பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம். போய் வாசல்ல நின்னு மரகதம்னு ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும். பையை எடுத்துக்கிட்டு வந்து நின்னுருவா. மாட்டேன்னு சொல்ல வராது அவளுக்கு. அவளே சொல்லியிருக்கா, நீங்களும் கேட்டீங்க. அவ்வளவு சுலபம்மா எனக்கு.

ஆனா அவர் வந்தா வாசல்லயே நிறுத்திருவேன்னு நான் அந்த அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா.